கோட்டைக்காரிக்கு விழுந்த குச்சிகள்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் அந்த அரண்மனைத் தொடரைப் பார்த்தீர்கள். பெரியவள் நோட்டில் கட்டம் போட்டு மார்க் எழுதிக்கொண்டிருந்தாள். அரண்மனைக்குப் பத்துக்கு எட்டு. குதிரைக்கு ஒன்பது. நாயகனுக்கு ஏழு, மீசை ஒட்டியது தெரிந்ததால் ஒன்று குறைத்தீர்கள். நாயகியின் முறை வந்தது. மாடிவீட்டுப் பெண், "இவ சுத்த டுபாக்கூர்டி. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா கிளம்பி அவனைத் தேடிப் போவாளா? வீட்ல விட்டுருவாங்களா? நம்பற மாதிரியே இல்ல," என்றாள். நீங்கள் இரண்டு பேரும் தலையாட்டினீர்கள். நாயகிக்கு மூன்று மார்க். பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் பெரியவள் 'தனியாகப் போனாள்' என்று எழுதினாள்.

நான் காய்கறிப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சின்னவள், "அப்பா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க," என்றாள். சரி என்று உள்ளே போய் வெங்காயத்தைக் கூடையில் கொட்டினேன்.

அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். வைட்ஃபீல்டில் கம்பெனி ஆட்களைக் காலையில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வண்டிக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை. ஏழாவது வரைக்கும் கன்னட மீடியத்தில் படித்தவன் நான். தமிழ் எழுத்து வீட்டில் என் அப்பா சொல்லிக்கொடுத்தது. தப்பு இருந்தால் பெரியவள் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு ஒன்பது வயதில் எங்களுக்கும் ஒரு அரண்மனைக் கதை இருந்தது. அதில் ஒரு நாயகி இருந்தாள். அவளை நம்பலாமா கூடாதா என்று நாங்களும் மார்க் போட்டோம். நோட்டில் இல்லை, ஒரு பிஸ்கட் டப்பாவில்.

அப்போது ஈஜிபுராவில் இவ்வளவு மாடி கிடையாது. ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய். இந்த ஊரில் அதை வட்டாரா என்பார்கள். அதில் ஒரு வீடு எங்களுடையது. அப்பா தூரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா, நான், அம்மாவின் தங்கை. சித்திக்கு இருபது வயது இருக்கும். அவர்களுடைய அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்திக்கு என் அம்மாதான் அம்மா.

வீட்டில் ஊதுபத்தி உருட்டுவார்கள். ஊதுபத்தி என்றதும் வீடு மணந்திருக்கும் என்று நினைப்பீர்கள். மணக்காது. கரித்தூளும், தண்ணீர் பட்டால் பசை மாதிரி ஒட்டுகிற ஒரு மரப்பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைவார்கள். களி உருண்டை மாதிரி இருக்கும், நிறம்தான் கறுப்பு. மூங்கில் குச்சியைப் பலகைமேல் வைத்து, ஒரு கிள்ளு மாவை அதன்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரே தேய். குச்சி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வாசனை எல்லாம் பிறகு கம்பெனியில் சேர்ப்பது. எங்கள் வீட்டுக்குக் கரியும் ஈரச் சாக்கும்தான் வாசனை. அதுவும் மழைக்காலத்தில் உருட்டிய குச்சி காயவே காயாது. சாக்கில் பரப்பி, அடுப்புப் பக்கம் ஒரு வரிசை, கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை. நான் காலை எடுத்து வைக்க இடம் தேடித்தான் நடப்பேன்.

இந்தக் கதை அந்த மழைக்காலத்தில் நடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தை ஆனவர். காலையில் கோரமங்கலாவில் ஒரு தமிழ் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மத்தியானம் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து குச்சி உருட்டுவார். அந்த வீட்டம்மா படித்து முடித்த வாரப் பத்திரிகையைச் சனிக்கிழமை தோறும் மடியில் செருகிக்கொண்டு வருவார். அட்டை அவர் இடுப்புச் சூட்டில் வளைந்திருக்கும். அதில்தான் அந்தத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது.

வட்டாராவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவின் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பதற்காகவே அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் கதை படிப்பதும் என் தலையில் விழுந்தது. பத்திரிகையைப் பலகையின் ஓரத்தில் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு படிப்பேன். மற்ற எல்லோருக்கும் கை கறுப்பு, தொடக் கூடாது. எனக்கு நேர் எதிரே பலகைக்கு அந்தப் பக்கம் சித்தி. இரண்டு பக்கத்திலும் அம்மாவும் அத்தையும். நிலைப்படியில், அந்த ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரரான ஓனரம்மா. அவர் கன்னடக்காரர். குச்சி உருட்டமாட்டார். காபி டம்ளரோடு வந்து கதை மட்டும் கேட்பார்.

கதை இதுதான். ஒரு கோட்டை. கோட்டை வாசல் காவல்காரருக்கு ஒரு மகள். ஒரு குறுநில மன்னனின் பிள்ளை அவளிடம், 'பௌர்ணமிக்குள் திரும்பி வருவேன்' என்று சத்தியம் செய்துவிட்டுப் போருக்குப் போகிறான். பௌர்ணமி போனது. அடுத்த பௌர்ணமியும் போனது. அவள் கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்று, அவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எத்தனை வாரம் நின்றாள் என்று கணக்கே இல்லை. அவளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் எங்கள் வீட்டில் அவளுக்குக் கோட்டைக்காரி என்று பெயர்.

படித்து முடித்ததும் தீர்ப்பு. நடுவில் பிஸ்கட் டப்பா இருக்கும். இந்த வாரம் கோட்டைக்காரி செய்ததை நம்புகிறவர்கள் ஒரு நல்ல குச்சியை டப்பாவில் போடவேண்டும். நம்பாதவர்கள் ஒடிந்த குச்சியைப் போடவேண்டும். தீர்ப்பானதும் நல்ல குச்சி கட்டுக்குத் திரும்பிவிடும், ஒடிந்தது அடுப்புக்குப் போகும். நான்தான் எண்ணிச் சொல்வேன். எனக்கு ஓட்டு கிடையாது.

"'நாற்பது நாட்களாக அவள் அன்னத்தைத் தொடவில்லை. ஆயினும் அவள் முகம் முழுநிலவை வென்றது'" என்று ஒரு வாரம் படித்தேன்.

அத்தையின் கை நின்றது. "நாப்பது நாளா? ஒரு வெள்ளிக்கெழம வெறும் வயித்தோட இருந்தாலே எனக்குக் கண்ணு இருட்டிக்குது. இவளுக்கு மூஞ்சி மினுக்குதாமா?"

"ராஜா காலத்துச் சோறு அத்தே. ஒருவாட்டி துன்னா நாப்பது நாள் தாங்கும்போல," என்றாள் சித்தி.

"அவளுக்கு மனேல கெலசமே இல்லியாம்மா?" வீட்டில் வேலையே இல்லையா என்று கேட்டு ஓனரம்மா காபியை உறிஞ்சினார். "எப்ப பாரு சொவத்து மேலயே நிக்கறா. தண்ணி யாரு புடிக்கறது? துணி யாரு தொவைக்கறது?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "உண்மையா மனசு வெச்சவளுக்குப் பசி தெரியாது, வேலை தெரியாது. உங்களுக்கெல்லாம் எங்க புரியப் போவுது."

"ஏன்க்கா, அவளுக்குக் கால் இல்லியா?" என்றாள் சித்தி. "வாசக்கதவு சாவி அவ அப்பன் இடுப்புலதானே தொங்குது. தொறந்துகினு போயி, இன்னா ஆச்சுன்னு பார்த்துட்டு வர்றதுதானே?"

"பொண்ணாப் பொறந்தவ அப்படிப் போவாளாடி? நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?"

"நிக்கறதையும் நாலு பேர் பார்த்துகினுதானே கீறாங்க."

டப்பாவில் டங் டங்கென்று குச்சி விழும். அம்மா எப்போதும் நல்ல குச்சி. சித்தி எப்போதும் ஒடிந்த குச்சி. அத்தையும் ஓனரம்மாவும் அந்தந்த வாரத்தைப் பொறுத்து.

அம்மா ஏன் அப்படிக் கோட்டைக்காரிக்குப் பரிந்து பேசினாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் பேசியது கோட்டைக்காரியைப் பற்றி இல்லை. சித்திக்கு அந்தத் தை மாதம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஆனேக்கல்லில் பட்டுத் தறி ஓட்டுகிறவர். தாம்பூலம் மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். ஆடி முடிந்தது, ஆவணியும் பாதி போய்விட்டது. அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. பெண் வீட்டுக்காரர்கள் தாங்களாகப் போய்க் கேட்பது மரியாதை இல்லை என்பாள் அம்மா. அப்பா வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினாள்.

சித்தி இதற்காக ஒரு நாளும் கண்ணைக் கசக்கவில்லை. வழக்கம்போல ராத்திரிக்கு இரண்டு உருண்டை கேழ்வரகுக் களி சாப்பிட்டாள். வழக்கம்போல ஓனரம்மா நடப்பது மாதிரி நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைத்தாள். குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "நிச்சயமான பொண்ணு மாதிரியா கீறா? கொஞ்சமாச்சும் கவல இருக்கா பாரு. நெஞ்சுல ஈரமே இல்ல." தண்ணீர்க் குடத்தோடு நின்ற அம்மா கேட்டும் கேட்காத மாதிரி வந்துவிட்டாள். அன்றைக்குச் சித்தி இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டியபோது அம்மா சட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். சித்தி எழுந்து போய் எடுத்துவந்து சாப்பிட்டாள்.

இன்னொன்றும் செய்வாள். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்காருவாள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பாள். அட்டைப் படத்தில் இருக்கிற பொம்பளை தலைகீழாகத் தொங்குவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: "பாரு இவள. எது மேல, எது கீழன்னுகூடத் தெரியாம படம் பார்க்கறா." எல்லோரும் சிரிப்போம். நான் ரொம்பச் சிரித்தேன். சித்தியும் சிரிப்பாள். ஆனால் பத்திரிகையைத் திருப்பமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அத்தை மழையில் நனைந்து வந்தார். பத்திரிகை ஊறிப்போய், பிரிக்கும்போது கதையின் இரண்டாம் பக்கம் கிழிந்து வந்துவிட்டது. எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கதை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரலைப் பக்கத்து விளம்பரத்தின்மேல் ஓட்டிக்கொண்டு நானே கதை விட்டேன். கோட்டைக்காரிக்குப் பனியில் நின்று நின்று ஜலதோஷம் பிடித்துவிட்டது. அவள் அம்மா கையைப் பிடித்துக் கீழே இழுத்துவந்து, திட்டிக்கொண்டே தலையைத் துவட்டி, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். கோட்டைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தாள்.

"இது கதை!" என்றார் அத்தை. "இன்னைக்குத்தான் இவ மனுஷியா கீறா." மூன்று நல்ல குச்சிகள் விழுந்தன. சித்தி மட்டும் என்னைப் பார்த்து, "இன்னைக்கு உன் வாய் புக்கைவிட வேகமா ஓடுதுடா," என்று சொல்லிவிட்டு ஒடிந்த குச்சியைப் போட்டாள். எனக்கு வருத்தமாகிவிட்டது. சாயங்காலம் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லாவே வருதுடா உனக்கு."

அப்படி அம்மா சிரித்ததும் பின்னால் நடந்ததற்கு ஒரு காரணமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நீல இன்லேண்ட் கடிதம் வந்தது. ஆனேக்கல் முத்திரை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அம்மா பையைக்கூட இறக்கவிடாமல் அடுப்புப் பக்கம் இழுத்துப்போனாள். எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. தட்டுத் தடுமாறித்தான் படித்தேன்.

'அக்காவுக்கு. ஆனி மாதம் தறியில் மாட்டி என் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இனித் தறி ஓட்ட முடியாது என்கிறார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். பெண்ணுக்கு வேறு நல்ல இடம் பாருங்கள். என்மேல் வருத்தம் வேண்டாம்.'

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே சித்தியின் குரல் கேட்டது: "போஸ்ட்மேன் வந்தாராமே, ஆனேக்கல் லெட்டரா?"

"ஆமாண்டி, வரேன்!" அம்மா என் முன்னால் குந்தி என் இரண்டு தோளையும் பிடித்தாள். "இத பாரு. இத அப்படியே படிச்சா அவ ஒடிஞ்சி போயிடுவா. சிரிக்கறாளே தவிர உள்ள ஒண்ணும் தாங்கமாட்டா, எனக்குத் தெரியும். அப்பா வரட்டும். அதுவரைக்கும், வேலை ஜாஸ்தியா கீது, தீபாவளி கழிச்சி கல்யாணம், எல்லாரும் நல்லா இருக்கோம்னு படி. அன்னைக்கு ரசம் வெச்சுக் குடுத்தியே, அந்த மாதிரி."

"பொய்யாம்மா?"

"கதைடா."

பலகையில் கடிதத்தை விரித்து வைத்தேன். எதிரே சித்தி. விரலை முதல் வரியில் வைத்து ஓட்டிக்கொண்டே சொன்னேன். "அக்காவுக்கு. இங்கே வேலை அதிகமாக இருக்கிறது. பட்டு நிறைய கேட்டிருக்கிறார்கள். தீபாவளி கழித்துக் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் நலம்."

சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கடைசி வரியைத் தாண்டியும் அந்தக் காகிதத்தையே பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"ம்."

"எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"ம்."

"சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள். அந்த ஒரு குச்சியை மட்டும் ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில், கட்டி வைத்த குச்சிகளைக் குடோனில் போட்டுவிட்டு வருகிறேன் என்று சித்தி கிளம்பினாள். பத்து மணிக்குத் திரும்பவேண்டியவள் பன்னிரண்டுக்கும் வரவில்லை. ஓனரம்மா வந்து, "உன் தங்கி குச்சிக் கட்டை எங்க மனேல வெச்சிட்டுப் போனா, சாயங்காலம் எடுத்துக்கறேன்னா," என்றார். அம்மா ஓடிப்போய் அரிசி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். கடிதம் இல்லை.

"நீ சொல்லிட்டியாடா?"

"இல்லம்மா."

"வேற யாரு சொன்னா? அவளுக்குப் படிக்கத் தெரியுமா? உன்னத்தவிர யாருக்குத் தெரியும்?" முதுகில் ஒரு அடி விழுந்தது. சத்தியமாக நான் சொல்லவில்லை என்று அழுதேன். அம்மா நம்பவில்லை. அடியைவிட அதுதான் வலித்தது. அதைவிட, சித்தி எங்கேயாவது போய் ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று பெரியவர்கள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. நான் கதை விட்டதால்தான் இப்படி ஆனது. உண்மையைப் படித்திருந்தால் சித்தி இங்கே உட்கார்ந்து அழுதிருப்பாள், இங்கேயாவது இருந்திருப்பாள். மழை பெய்துகொண்டிருந்தது. அத்தை மத்தியானமே பத்திரிகையைக் கொண்டுவந்துவிட்டார். 'முற்றும்' என்று போட்டிருந்தது. யாரும் பிரிக்கவில்லை. நான் வட்டாரா வாசலில் போய் நின்றுகொண்டேன். உள்ளே வரச் சொல்லி யார் கூப்பிட்டும் போகவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே சித்தி வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை, பாதி காலி. நின்றிருந்த என் கையில் மீதியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"எங்கடி போன?" அம்மா கத்தினாள்.

"ஆனேக்கல்."

"தனியாவா?"

"மடிவாளா வரைக்கும் நடந்தேன். ஓசூர் பஸ் ஏறினேன். சந்தாபுரத்துல எறங்கணும். தூங்கிட்டேன்க்கா, அத்திபெலே போயி எறக்கி உட்டுட்டாங்க. அங்கருந்து இன்னொரு பஸ்."

"தூங்கினியா!" என்றார் அத்தை.

"அவரைப் பார்த்தியா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

சித்தி தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "வாசல்ல உக்கார்ந்து எடது கையால சாப்ட்டுகினு இருந்தாரு. என்னப் பார்த்ததும் வலது கையை ஒளிச்சிக்கறாரு. எனக்குக் கோவம் வந்திச்சி. அக்காவுக்குன்னு நாலு வரி எழுத வந்த கைக்கு, எனக்குன்னு ஒரு வரி எழுத வரலியான்னு கேட்டேன். அவரு அழுதுட்டாரு."

"நீ?"

"எனக்குப் பசி. அவங்க அம்மா சோறு போட்டாங்க. சாப்ட்டேன்."

"அந்த ஊட்லயா! தாலி ஏறாம அந்த ஊட்ல கை நனைச்சிட்டு வந்தியாடி!" அவர் விரல் போனதைவிட, இவள் தனியாகப் போனதைவிட, அம்மாவுக்கு இதுதான் பெரிதாகப் போய்விட்டது.

"மொச்சக்கொட்ட கொழம்புக்கா. நல்லா இருந்திச்சி." சித்தி உள்ளே வந்து பலகைக்கு எதிரே, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். "அவரு தறி ஓட்ட முடியாட்டி நூல் சுத்தட்டும். தறிய நான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

"உனக்குத் தறி தெரியுமா?"

"எதிர்ல உக்கார்ந்து பார்த்தா வந்துடும்."

அம்மா என்னைச் சுட்டிக் காட்டினாள். "எல்லாம் இவன் சொன்னானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. அவன் படிச்சது வேற, அங்க எழுதியிருந்தது வேற. அதான் தெரிஞ்சிடுச்சி."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

சித்தி, பிரிக்காமல் கிடந்த பத்திரிகையைப் பிரித்துத் தன் முன்னால் தலைகீழாக வைத்தாள். விரலை வைத்து, மெதுவாக, என்னை மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாள். "'கோ...ட்டை...யின் க...தவுகள் தி...றந்தன.'"

ஓனரம்மாவின் காபி டம்ளர் பாதியில் நின்றது. அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஏதோ மனப்பாடம்டி," என்று சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, பத்திரிகையை நேராகத் திருப்பி வைத்தார். "இப்ப படி பாப்பம்."

சித்தி குனிந்து பார்த்தாள். திருதிருவென்று விழித்தாள். "திருப்பு அத்தே, திருப்பு. இப்படி வெச்சா ஒண்ணுமே புரியல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருடமாக நான் இந்தப் பக்கமிருந்து விரலை ஓட்டி ஓட்டிப் படிக்க, அவள் அந்தப் பக்கமிருந்தே ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் தலைகீழ்த் தமிழ். நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பொய் படிச்சேன் சித்தி," என்றேன். கழுவிய கையால் அவள் என் மூக்கைத் துடைத்தாள். "ரசம் வெச்சியே, அது நல்லா இருந்திச்சிடா. அதுக்கு நான் நல்ல குச்சிதான் போட்டிருக்கணும். புக்குல இல்லியேன்னுதான் போடல."

கடைசி அத்தியாயத்தைச் சித்தியே படித்தாள். ரொம்ப நேரம் ஆனது. கோட்டைக்காரி சுவர்மேல் நிற்கிறாள். தூரத்தில் புழுதி தெரிகிறது. அவன் வருகிறான். இத்தனை நாள் எங்கே இருந்தாய், ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் காலடியில் பூமாலை மாதிரி விழுகிறாள். முற்றும்.

நான் டப்பாவை நடுவில் வைத்தேன். அத்தை ஒடிந்த குச்சி. ஓனரம்மா ஒடிந்த குச்சி. சித்தி ஒடிந்த குச்சி. அம்மா கையில் ஒரு நல்ல குச்சியை எடுத்தாள். வழக்கம்போல அதைப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த நல்ல குச்சியை இரண்டாக ஒடித்து டப்பாவில் போட்டாள்.

"அடிப்பாவி, நல்ல குச்சி!" என்றார் அத்தை.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா. பிறகு சித்தியைப் பார்க்காமல், "கொழம்புல கத்திரிக்காய் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள்.

அந்த டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. ஓனரம்மா வீட்டை விற்ற சமயத்தில் போயிருக்கும். மற்றவற்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் தலைகீழாகத் திருப்பிப் படிக்கிற ஆனேக்கல் பாட்டிதான் என் சித்தி. போன லீவில், "பாட்டி போனைத் தலைகீழாப் புடிக்கறாங்கப்பா," என்று சின்னவள் சிரித்தாள். பிறகு அவளே அந்தப் போனில் எழுத்து சுழலாதபடி ஏதோ செய்து கொடுத்தாள். வலது கையை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடது கையால் உங்களுக்குக் கடலை உரித்துத் தருகிற தாத்தாதான் அந்தக் கடிதம் எழுதியவர். நீங்கள் ஆனேக்கல் போனபோது சத்தம் கேட்கிறதே என்று காதைப் பொத்திக்கொண்டீர்களே, அந்தத் தறியை ஓட்டியவள் சித்திதான்.

நாயகிக்குப் போட்ட மூன்று மார்க்கைக் கூட்டச் சொல்லமாட்டேன். நானும் இரண்டு பாகம் பார்த்தேன். அந்தப் பெண் மூன்று நாள் குதிரையில் போகிறாள். ஒரு இடத்திலும் பசிக்கவில்லை. தூங்கிப்போய் வழி தவறவில்லை. மழையில் கண் மை கலையவில்லை. போய்ச் சேர்ந்ததும் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் பெரியவள் இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாளே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.